மங்குக்கு மூலிகை சீரம் போதுமா?

கேள்வி: இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு என் இரண்டு கன்னங்களிலும் மேலுதட்டுக்கு மேலேயும் மங்கு படர்ந்துவிட்டது. குழந்தைக்கு 14 மாதம், இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறேன். கருத்தடை மாத்திரையும் சாப்பிடுகிறேன். கருமையைக் குறைக்கத் தரும் ஹைட்ரோகுவினோன் என்ற மருந்துக் கிரீம் பற்றிப் படித்துவிட்டு, ரசாயனம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஆறு வாரமாக அதிமதுரப் பொடியைத் தண்ணீரில் குழைத்துத் தேய்க்கிறேன், பெரிய மாற்றம் இல்லை. இப்போது ஆல்பா அர்பியூட்டின், மல்பெரி சாறு சேர்ந்த ஒரு சீரம் வாங்கியிருக்கிறேன். 'நூறு சதவீதம் தாவரம்' என்று போட்டிருக்கிறது. தோழி ஒருத்தி கொடுத்த மூலிகை கிரீமும் இருக்கிறது. அந்த டப்பாவில் எதுவும் எழுதியில்லை, ஆனால் அவளுக்கு ஐந்தே நாளில் முகம் வெளுத்துவிட்டது. தாவரங்களில் உண்மையிலேயே மெலனினைக் குறைக்கும் பொருள் இருக்கிறதா? இருந்தால் பயமில்லாமல் போடலாமா? என் அக்கா மகளுக்கு 19 வயது. மங்கு எதுவும் இல்லை, நிறம் கூட வேண்டும் என்பதற்காக இதே சீரத்தைக் கேட்கிறாள். கொடுக்கலாமா? (பெயர், ஊர் வேண்டாம்.)

பதில்: இருக்கிறது. ஒன்றிரண்டு அல்ல, ஏராளமாகவே இருக்கிறது. ஆனால் சோதனைக் குழாயில் மெலனினைக் குறைக்கிற பொருள் எல்லாம் உங்கள் கன்னத்திலும் குறைத்துவிடும் என்றால், தோல் மருத்துவரான எனக்கு எப்போதோ வேலை போயிருக்கும். இரண்டாவது கேள்வி, பயமில்லாமல் போடலாமா என்பது. அதற்குத்தான் இந்தப் பதிலில் அதிக இடம் ஒதுக்கப் போகிறேன். செடியில் இருந்து வந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றை நம்புவது எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு, எங்கள் துறையில் மறக்க முடியாத ஒரு சம்பவம் இருக்கிறது.

அதற்கு முன்னால் மெலனின் எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். மேல்தோலின் அடி வரிசையில் மெலனோசைட் என்ற செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கை நீட்டினாற்போல் கிளை விரித்து, சுற்றியுள்ள சுமார் 36 தோல் செல்களுக்கு நிறமியைப் பங்கிட்டுக் கொடுக்கும். உள்ளே டைரோசினேஸ் என்ற நொதி, டைரோசின் என்ற அமினோ அமிலத்தைப் பிடித்து மாற்றத் தொடங்குகிறது. அந்த மாற்றம் பல படிகளைத் தாண்டி மெலனினில் முடிகிறது. இந்த நொதியின் நடுவில் இரண்டு தாமிர அணுக்கள் இருக்கின்றன, அவை இல்லாமல் அது வேலை செய்யாது. உருவான மெலனின் சின்னஞ்சிறு பைகளில் நிரம்பி அக்கம்பக்கத்துச் செல்களுக்குப் போய்ச் சேருகிறது. அங்கே அது செல்லின் உட்கருவுக்கு மேலே குடை பிடித்தாற்போல் உட்கார்ந்துகொள்ளும். வெயிலில் இருந்து நம் மரபணுவைக் காக்கிற குடை அது. மங்கு வந்த இடத்தில் இந்தத் தொழிற்சாலை தேவைக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

தாவரப் பொருட்கள் இந்த வரிசையில் வெவ்வேறு இடத்தில் குறுக்கிடுகின்றன. அர்பியூட்டின் பார்ப்பதற்கு டைரோசின் மாதிரி இருந்து நொதியை ஏமாற்றுகிறது. மாதுளையில் உள்ள எலாஜிக் அமிலம் தாமிரத்தைப் பிடித்துக்கொள்கிறது. சோயாவில் உள்ள சில புரதங்கள் நொதியின் பக்கமே போவதில்லை. நிறமிப் பைகள் பக்கத்துச் செல்லுக்குக் கைமாறுவதை அவை தடுக்கின்றன. அதிமதுரத்தின் கிளாப்ரிடின் நொதியையும் தடுக்கும், அழற்சியையும் தணிக்கும். உங்கள் சீரத்தில் உள்ள மல்பெரி, அதாவது முசுக்கொட்டை, அதில் ஆக்ஸிரெஸ்வெராட்ரால் என்ற பொருள் இருக்கிறது. சோதனைக் கூடத்தில் அது நன்றாகவே வேலை செய்கிறது.

சோதனைக் கூடம் என்று சொன்னேன் அல்லவா, அங்கேதான் ஒரு சிக்கல். பல பத்தாண்டுகளாக இந்தச் சோதனைகளுக்குப் பெரும்பாலும் பயன்பட்டது காளானில் இருந்து எடுத்த டைரோசினேஸ். மலிவாகக் கிடைக்கும், கையாள்வதும் சுலபம். ஆனால் மனித டைரோசினேஸின் வடிவம் வேறு. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் மனித நொதியையே வைத்து சுமார் 50,000 சேர்மங்களைச் சோதித்துப் பார்த்தார்கள். காளான் நொதியிடம் பேர் வாங்கிய அர்பியூட்டினும் கோஜிக் அமிலமும் மனித நொதியிடம் பலவீனமாக இருந்தன. முதலிடம் பிடித்தது ஆய்வகத்தில் செய்த ஒரு சேர்மம். (கோஜிக் அமிலத்தையும் தாவரம் என்று சொல்லி விற்கிறார்கள். அது பூஞ்சையில் இருந்து வருவது. நானே ஒரு காலத்தில் அதை நிறையப் பேருக்கு எழுதிக் கொடுத்தேன். அதில் சிலர் கன்னம் சிவந்து திரும்பி வந்த பிறகு கை தயங்குகிறது.) ஆகவே ஒரு புட்டியில் 'டைரோசினேஸைத் தடுக்கிறது என்று நிரூபிக்கப்பட்டது' என்று இருந்தால், யாருடைய டைரோசினேஸ் என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

நொதியைத் தடுக்கும் பலம் இருந்தால் மட்டும் போதாது, பொருள் அந்தச் செல் வரைக்கும் போய்ச் சேரவும் வேண்டும். உங்கள் அதிமதுரப் பொடி தோற்றது இந்த இடத்தில்தான். கிளாப்ரிடின் வேரில் மிகச் சொற்பமாக இருக்கிறது, எண்ணெயில் கரையும் குணம் கொண்டது. தண்ணீரில் குழைத்தால் அது பொடியை விட்டு வெளியே வராது. 1998-இல் வந்த ஆய்வில் கினிப் பன்றிகளின் தோலில் புற ஊதாக் கதிரால் வந்த கருமையைக் குறைத்தது, பிரித்தெடுத்த கிளாப்ரிடின் 0.5 சதவீதம். வேரை அரைத்துக் குழைத்தால் அந்த அளவின் பக்கத்தில்கூட வராது. கற்றாழையும் இதே கதைதான். அதில் அலோயசின் என்று ஒரு பொருள் உண்டு, டைரோசினேஸைத் தடுக்கும். ஆனால் தண்ணீரில் கரையும் அந்தப் பெரிய மூலக்கூறு தோலின் மேலடுக்கைத் தாண்ட மிகவும் சிரமப்படும். மஞ்சளின் குர்குமின் மேலேயே ஒட்டிக்கொண்டு மஞ்சளாகத் தெரியும், அதைச் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று. நீங்கள் 'தேய்க்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். மங்குள்ள முகத்தைக் கரகரப்பான பொடியால் தினமும் தேய்ப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். உரசல், எரிச்சல், சிவப்பு எதுவானாலும் மெலனோசைட் அதைத் தாக்குதல் என்று எடுத்துக்கொண்டு இன்னும் நிறமி செய்யும். கொஞ்சம் கருத்த தோலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

சரி, சீரத்துக்கு வருவோம். நீங்கள் பயந்து ஒதுக்கிய ஹைட்ரோகுவினோனும், நம்பி வாங்கிய அர்பியூட்டினும் உறவுக்காரர்கள். ஹைட்ரோகுவினோன் மூலக்கூறோடு ஒரு குளுக்கோஸ் சேர்ந்தால் அதுதான் அர்பியூட்டின். பேர்பெரி என்ற குறுஞ்செடியின் இலையில் நிறைய இருக்கிறது, பேரிக்காயிலும் கொஞ்சம் உண்டு. தோலில் வாழும் பாக்டீரியாக்களில் சில அந்தச் சர்க்கரையை வெட்டி ஹைட்ரோகுவினோனை விடுவிக்கும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் அளவு வைத்திருக்கிறது: முகத்துக்கான கிரீமில் அர்பியூட்டின் 7 சதவீதத்துக்கு மேல் கூடாது, ஆல்பா அர்பியூட்டின் முகத்துக்கு 2 சதவீதம், உடம்புக்கான லோஷனில் 0.5 சதவீதம். ஆல்பா வகை செடியிலிருந்து நேராகப் பிழிந்தெடுப்பதல்ல, நொதிகளை வைத்து ஆலையில் தயாரிப்பது. உங்கள் புட்டியில் அந்தப் பெயரும் 'நூறு சதவீதம் தாவரம்' என்ற வார்த்தையும் சேர்ந்து இருந்தால், இரண்டில் ஒன்று விளம்பரம்.

இந்த அளவுக்குள் இருந்தால் ஆல்பா அர்பியூட்டின் பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு தராது. பலனும் மிதமாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் பால் கொடுக்கிறீர்கள். ஹைட்ரோகுவினோன் தோல் வழியாக உடலுக்குள் கணிசமாகப் போகும் என்பது தெரிந்த விஷயம், அதனால் பால் கொடுக்கும் காலத்தில் அதை நானும் எழுத மாட்டேன். அதன் உறவுக்காரரான ஆல்பா அர்பியூட்டினையும் குழந்தை பால் மறக்கும் வரை தள்ளிப் போடுங்கள் என்பேன். புட்டியைத் திறக்காமல் வைத்திருங்கள், காலாவதித் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் சொல்ல வந்த சம்பவம். ஜப்பானில் ஒரு வகை மேப்பிள் மரத்தின் பட்டையில் ரோடோடெண்ட்ரால் என்ற பொருள் இருக்கிறது. டைரோசினேஸை அருமையாகத் தடுக்கும். அங்கே அழகுசாதனத்துக்கும் மருந்துக்கும் நடுவே ஒரு தனிப் பிரிவு உண்டு. அந்தப் பிரிவில் அரசின் அனுமதி வாங்கி, 2008-இல் 2 சதவீத அளவில் கிரீம்களும் லோஷன்களுமாகச் சந்தைக்கு வந்தது. யாரோ குடிசையில் கலக்கியது அல்ல, சோதனைகள் முடித்து வந்தது. சுமார் 8 லட்சம் பேர் பயன்படுத்தினார்கள். மூன்று நான்கு வருடம் கழித்து, முகத்திலும் கழுத்திலும் கையிலும் வெண்திட்டு என்று ஆட்கள் தோல் மருத்துவர்களிடம் வர ஆரம்பித்தார்கள். முதலில் வெண்புள்ளி நோய் என்றுதான் நினைத்தார்கள். பிறகுதான் கிரீம் போட்ட இடத்திலேயே வெள்ளை விழுந்திருப்பதைக் கவனித்தார்கள். 2013 ஜூலையில் எல்லாவற்றையும் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். அதற்குள் பாதிக்கப்பட்டவர்கள் 16,000 பேருக்கும் மேல். ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பேர்.

ஏன் அப்படி ஆனது? டைரோசினேஸ் அந்தப் பொருளைத் தன் வழக்கமான இரை என்று நினைத்துப் பிடித்தது. பிடித்து மாற்றியபோது உருவான குவினோன், மெலனோசைட்டுக்கே நஞ்சு. நொதியைத் தடுப்பதற்குப் பதிலாக, நொதியே தன் வீட்டுக்குள் விஷம் காய்ச்சிக்கொண்டது. செல் எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்கிறதோ அவ்வளவு நஞ்சு. நிறுத்திய பிறகு நிறையப் பேருக்கு நிறம் திரும்பியது, சிலருக்குத் திரும்பவில்லை. இதைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு 1939-இல் வந்த ஒரு குறிப்பும் நினைவுக்கு வரும். தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்த்தவர்களின் கைகள் வெளுத்துப் போயின. அவர்கள் போட்டிருந்த ரப்பர் கையுறையில் இருந்த, ஹைட்ரோகுவினோன் குடும்பத்துச் சேர்மம்தான் காரணம். ஒன்று மரப்பட்டையில் இருப்பது, மற்றது ரப்பர் ஆலையில் பயன்பட்டது. மெலனோசைட்டுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

செடிகளில் எதிர்ப்பக்கம் வேலை செய்பவையும் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. எலுமிச்சை, அத்தி, கார்போகரிசி போன்றவற்றில் சோரலென் வகைப் பொருட்கள் இருக்கின்றன. தோலில் பட்டு, அதன் மேல் வெயிலும் பட்டால், கொப்புளம் வரை போகும். அதன் பிறகு மாதக்கணக்கில் கருந்தழும்பு இருக்கும். கார்போகரிசியை வெண்புள்ளி நோய்க்கு மருந்தாக்கியதே இந்தக் குணத்துக்காகத்தான், நிறம் வரவழைக்க! கையெல்லாம் ஓடை ஓடையாகக் கருத்துப் போய் வந்த ஓர் இளைஞரிடம் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் தெரிந்தது, எலுமிச்சை பிழிந்த கையோடு நாள் முழுக்க வெயிலில் நின்றிருக்கிறார். சாறு வழிந்த தடம் அப்படியே படம் பிடித்தாற்போல் இருந்தது. மூலிகைப் பொடிக் கலவை எதை வாங்கினாலும் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்.

உங்களுக்கு என்ன செய்யலாம்? முதல் மருந்து சன்ஸ்கிரீன்தான். சலிப்பாக இருக்கும், தெரியும். ஆனால் மங்கில் மற்ற எல்லாமே இதற்குத் துணைதான். மேலே சொன்ன பொருட்கள் எல்லாம் நிறமி உற்பத்தியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். அரை மணி நேர வெயில் அதை ஈடுகட்டிவிடும். நம்மைப் போன்ற கருத்த தோலுக்கு இன்னொரு நுணுக்கம் உண்டு: புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நிறமியைத் தூண்டும். அது ஜன்னல் கண்ணாடி வழியாகவும் வரும். சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் இருக்கிற சன்ஸ்கிரீன் ஓரளவு தடுக்கும். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல் வாங்குங்கள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளவாக்கில் பிதுக்கி வைத்தால் எவ்வளவு வருமோ அவ்வளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பவும் போட வேண்டும். பெரும்பாலானவர்கள் அதில் பாதியோ அதற்கும் குறைவாகவோதான் போடுகிறார்கள், அப்புறம் பலன் இல்லை என்கிறார்கள்.

மருந்து என்று பார்த்தால் நான் உங்களுக்கு அசெலாயிக் அமிலத்தைத்தான் முதலில் யோசிப்பேன். கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் இயற்கையாக இருக்கிற பொருள், ஆகவே உங்கள் நிபந்தனைக்கும் ஒத்துவரும்! (ட்யூபில் இருப்பது ஆலையில் செய்ததுதான், அதை ஒளிக்க விரும்பவில்லை.) அளவுக்கு மீறி ஓடும் மெலனோசைட்டைத்தான் அது அதிகம் பாதிக்கும், சாதாரணமாக இருப்பதைப் பெரும்பாலும் விட்டுவிடும். கர்ப்பக் காலத்திலும் பால் கொடுக்கும்போதும் நாங்கள் தயங்காமல் எழுதுகிற சில மருந்துகளில் ஒன்று. 15 அல்லது 20 சதவீதத்தில் கிடைக்கும். முதல் இரண்டு மூன்று வாரம் ஊறலும் குறுகுறுப்பும் இருக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவில் தொடங்கி, பழகிய பிறகு தினம் இரண்டு வேளை ஆக்கலாம். ஆனால் நேரில் ஒரு தோல் மருத்துவர் பார்த்த பிறகு தொடங்குங்கள். வுட்ஸ் விளக்கு என்ற கருநீல வெளிச்சத்தில் பார்த்தால் நிறமி மேல்தோலில் இருக்கிறதா, அதற்கும் கீழே இறங்கிவிட்டதா என்று ஓரளவு தெரியும். கீழே இறங்கியது அந்த வெளிச்சத்தில் எடுப்பாகத் தெரியாது. அங்கே தாவரம், ரசாயனம் எந்தக் கிரீமும் அதிகம் எட்டாது.

எதைப் போட்டாலும் 12 வாரம் கொடுங்கள். ஏற்கெனவே மேலே ஏறிவிட்ட நிறமியை இந்தப் பொருட்கள் அழிப்பதில்லை, புதிதாக வருவதைத்தான் குறைக்கின்றன. பழையது செல்லோடு சேர்ந்து உதிர்ந்து போக வாரக்கணக்கில் ஆகும். ஆறு வாரத்தில் நீங்கள் அதிமதுரத்தைப் பற்றி முடிவுக்கு வந்தது தற்செயலாகச் சரியாகிவிட்டது.

கருத்தடை மாத்திரையில் என்ன ஹார்மோன் இருக்கிறது என்று பாருங்கள். ஈஸ்ட்ரோஜன் இருக்கிற மாத்திரைகள் மங்கைத் தூண்டக் கூடியவை. நீங்களாக நிறுத்த வேண்டாம், எழுதிக் கொடுத்தவரிடம் மங்கைக் காட்டி மாற்று வழி கேளுங்கள். பிரசவத்துக்குப் பிறகு வந்த மங்கு சிலருக்குத் தானாகவே மங்குவதும் உண்டு. முழுதாகப் போய், மறுபடி ஒரு கோடையில் எட்டிப் பார்ப்பதும் உண்டு. 'நிரந்தரமாகத் தீர்ந்துவிடும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நான் சொன்னாலும்.

அக்கா மகளுக்குக் கொடுக்க வேண்டாம். நல்ல தோலில் இந்தப் பொருட்கள் பெரிதாக எதுவும் செய்யாது. ஒருவருடைய இயல்பான நிறம் மெலனோசைட்டின் எண்ணிக்கையால் வருவதில்லை, அந்த எண்ணிக்கை எல்லா மனிதருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நிறமிப் பைகளின் அளவும் அவை தோலில் பரவியிருக்கும் விதமும்தான் வேறுபடும், அது மரபணுவில் எழுதியிருப்பது. சீரத்தால் அதை மாற்ற முடியாது. மாற்றுகிற அளவுக்கு வலுவான ஒன்று வந்தால், அது அந்த ஜப்பான் கிரீம் மாதிரிதான் இருக்கும். வெயில் கருமை கொஞ்சம் போக வேண்டும் என்று மட்டும் கேட்டால் சன்ஸ்கிரீன் வாங்கிக் கொடுங்கள். கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் வெல்வெட் மாதிரி தடித்துக் கருத்திருந்தால், அது தோலோடு நிற்கிற விஷயமாக இல்லாமலும் போகலாம். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கக்கூடும், ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்.

கடைசியாக, தோழி கொடுத்த டப்பா. உங்கள் கடிதத்தில் என்னை உண்மையிலேயே பதறவைத்தது அதுதான். ஐந்து நாளில் முகத்தை வெளுக்க வைக்கும் செடி எதுவும் எனக்குத் தெரிந்து கிடையாது. ஐந்து நாளில் அதைச் செய்யக் கூடியவை வலுவான ஸ்டீராய்டும் பாதரசமும்தான். பாதரசம் டைரோசினேஸின் தாமிரத்தோடு மோதி அதை முடக்கும். கூடவே தோல் வழியாக உள்ளே போய் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும், பால் குடிக்கிற குழந்தையின் உடம்புக்கும் போகும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின்படி அழகுசாதனங்களில் பாதரசமே கூடாது, ஆனாலும் பெயரில்லாத டப்பாக்களில் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. நீங்கள் அதை இதுவரை போடவில்லை என்றே நினைக்கிறேன். தொட வேண்டாம், குழந்தையின் கைக்கு எட்டாமல் வையுங்கள். குப்பையில் வீசாதீர்கள், டாக்டரிடம் போகும்போது பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். தோழியையும் கூடவே அழைத்துப் போங்கள். அவர் அதை மாதக்கணக்கில் போட்டிருந்தால் மருத்துவரிடம் காட்ட ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது. உள்ளே இருப்பது ஸ்டீராய்டு என்றால், நிறுத்திய சில நாளில் முகம் சிவந்து எரிந்து பருக்கள் கிளம்பும். அப்போது மறுபடி அதையே எடுத்துப் பூசத் தோன்றும். அந்தச் சமயத்தில் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுக்க ஒரு மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.